கிளாராவுக்குச் செய்த பெட்டி

உயிரோடு நடமாடிக்கொண்டிருக்கும் பெண்டாட்டிக்கு மரியஜான் சவப்பெட்டி செய்து ஜீப்பின் தலையில் கட்டி வைத்திருக்கிறான் என்ற செய்தி மார்த்தாண்டம் சந்தையில்தான் முதலில் பிறந்தது. தக்கலைக்கு வந்து சேர்வதற்குள் பெட்டிக்குள்ளே வெள்ளைப் பட்டு விரித்தாகிவிட்டது. கோட்டாற்றுக்கு வந்தபோது, கிளாரா ஒருதடவை உள்ளே படுத்து அளவு பார்த்தாள் என்றும், தலைமாட்டில் இன்னும் கொஞ்சம் இடம் விடச் சொன்னாள் என்றும் விவரம் கூடியிருந்தது. இந்த மாதிரிச் செய்திகளில் ஒரு வசதி உண்டு. யாரும் நேரில் போய்க் கேட்கமாட்டார்கள். கேட்டால் செய்தி கெட்டுப்போகும்.

கெட்டால் கெடட்டும் என்று போய்க் கேட்டதில், செய்தி முக்கால்வாசி உண்மை என்று தெரிந்தது. பெட்டி உண்டு. ஜீப் உண்டு. செய்தவர் குழித்துறைப் பக்கம் சவப்பெட்டி செய்து பிழைக்கும் ரசலையன் என்பதிலும் பிசகில்லை. கிளாராவுக்காகச் செய்ததுதான் என்பதை மரியஜானே மறுக்கவில்லை. மீதிக் கால்வாசிக்குத்தான் கொஞ்சம் பின்னால் போகவேண்டியிருக்கிறது.

குளச்சலுக்கு மேற்கே ஒரு கரை ஊரில், கடலை நம்பிய குடும்பத்தில், வள்ளத்தில் ஏறினால் வாந்தியெடுக்கும் ஒரே ஆண்பிள்ளையாகப் பிறந்தவன் மரியஜான். அப்பன் பலதடவை ஏற்றிப் பார்த்தார். அலை தாண்டும் முன்பே பையனின் முகம் வெளிறிவிடும். "இவனுக்குத் தரைதான் விதிச்சிருக்கு" என்று கடைசியில் கரையிலேயே இறக்கிவிட்டார். தரை என்றால் கொஞ்சநஞ்சத் தரை இல்லை. டிரைவர் வேலைக்கு ஓமானுக்குப் போன மரியஜானுக்குக் கடவுள் ஒரு பாலைவனத்தையே கொடுத்தார்.

எண்ணெய் தேடுகிறவர்களின் முகாமை ஓரிடத்திலிருந்து பெயர்த்து இன்னோரிடத்தில் நடுவது அங்கே அவன் வேலை. கூடாரம், அடுப்பு, தண்ணீர், அரிசி, கண்ணாடிக் கருவிகள் எல்லாவற்றையும் பெட்டிகளில் அடைத்து, வண்டியில் ஏற்றி, மணல்மேடுகளில் குலுங்காமல் கொண்டு சேர்க்கவேண்டும். எதை எதன்மேல் வைப்பது, எது கையெட்டும் தூரத்தில் இருக்கவேண்டும், எது கடைசியில் ஏறி முதலில் இறங்கவேண்டும் என்பதில் அவன் வைத்ததே சட்டம். சாமான் அடுக்குவதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்ற எண்ணத்தோடு ஊருக்குத் திரும்பினான். அந்த எண்ணத்தைச் சேதமில்லாமல் கொண்டுவந்து சேர்த்ததும் அவன் திறமைதான்.

திரும்பியவன் ஒரு பழைய ஜீப் வாங்கினான். கிளாராவை ஏற்றிக்கொண்டு காஷ்மீர் வரை போவது, வழியில் வண்டியிலேயே சமைத்து வண்டியிலேயே உறங்குவது என்பது திட்டம். இப்போது வளைகுடாவில் இருக்கும் மகன் ஷைஜு ஊக்கம் கொடுத்தான். ஜீப்பின் மேல் கூடாரம் விரித்து, அலுமினியப் பெட்டியிலிருந்து அடுப்பை எடுத்து, மேகத்தின் மேல் உட்கார்ந்து சாயா குடிக்கிற இளைஞர்களின் வீடியோக்களை வாரந்தோறும் அனுப்பினான். அந்த வீடியோக்களில் யாருக்கும் நோய் இல்லை.

கிளாராவுக்கு வந்தது. சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டன. வயிற்றில் ஒரு சின்னக் குழாய் பொருத்தினார்கள். நாளுக்கு மூன்று வேளை, பையிலிருந்து மருந்துநீரை வயிற்றுக்குள் விடவேண்டும். முந்தைய வேளை விட்டதை வடித்து எடுக்கவேண்டும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கவேண்டியதில்லை, வீட்டிலேயே செய்துகொள்ளலாம். அதைக் கற்றுக்கொடுத்த நர்ஸ் சஜிதா சொன்னாள்: "பை கூட இருந்தா எங்க வேணும்னாலும் போகலாம் மாமி. ஆனா சுத்தம் முக்கியம். பையில வெயிலு படப்படாது, பொத்தல் விழப்படாது. காத்தும் பொடியும் இல்லாத எடத்துல வச்சுதான் மாத்தணும். வடிஞ்சு வாற வெள்ளம் கலங்கியிருந்தா, உள்ள கிருமி ஏறியாச்சுன்னு அர்த்தம். ஒடனே ஓடி வந்திரணும்."

இதில் முதல் வாக்கியத்தை மட்டும் கிளாரா கேட்டாள். மீதியை மட்டும் மரியஜான் கேட்டான்.

"காஷ்மீரு வேண்டாம்" என்றாள் அவள், வீட்டுக்கு வந்ததும். "பேச்சிப்பாறை போதும். லீமாக்க வெளையில ஒரு ராத்திரி தங்கணும்."

லீமா ரப்பர் பால் வெட்டுகிறவள். அணைக்கு மேலே சரிவில் அவளுக்குச் சின்னதாக ஒரு தோட்டமும் வீடும் உண்டு. கிளாரா முப்பது வருஷம் மீன்கூடை சுமந்து விற்ற வழியில் அதுதான் கடைசி வீடு.

"அது இஞ்சேருந்து எம்பிடு தூரம் ஏட்டி? காலத்த போனா வைட்டு வந்திரலாம்."

"அப்பிடித்தானே முப்பது வருஷமும் போய்ட்டு வந்தேன்" என்றாள் கிளாரா. "மீனு வித்து முடிச்சு மத்தியானத்த பஸ்ஸப் பிடிக்கணும். லீமா எத்தன மட்டம் கேட்டிருக்கா, ஒரு ராத்திரி நின்னுட்டுப் போ அக்கான்னு. அந்த மலைய நான் உச்சிக்கு முந்தின வெளிச்சத்துல மட்டும்தான் கண்டிருக்கேன். அந்தியில அது எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியாது."

மரியஜான் பாலைவனத்தில் எத்தனையோ அந்திகளைப் பார்த்தவன். ஒன்றுக்கும் அவளைக் கூட்டிப் போனதில்லை.

லடாக் போகிறவன் திரும்பி வந்து படம் போட்டால் நூறு பேர் கைதட்டுவார்கள். பேச்சிப்பாறைக்குப் போகும் ஜீப்புக்கு மரியஜான் செய்த ஏற்பாட்டை யாரும் படம் பிடிக்கவில்லை. ஆனால் லடாக்காரன் தவறு செய்தால் சாயா ஆறும், அவ்வளவுதான். மரியஜான் தவறு செய்தால் கிளாராவின் வயிற்றில் கிருமி ஏறும். எல்லாம் பெட்டியைப் பொறுத்துத்தான் இருந்தது. பைகள் வெயிலும் தூசியும் படாமல், நசுங்காமல் போய்ச் சேரவேண்டும். இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் அந்தச் சரிவில் ஜீப் ஏறாது. கிளாராவோ மாசத்துக்கு மாசம் மெலிந்துகொண்டிருந்தாள். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருவரில் ஒருவரும் சொல்லவில்லை.

முதல் பெட்டியை மரியஜான் யோசிக்காமலே எடுத்தான். மச்சானின் மீன்பிடிப் படகிலிருந்து வாங்கிய மீன் ஐஸ்பெட்டி. கெட்டியான ஃபைபர், இறுக்கமான மூடி. சோப்புப் போட்டுக் கழுவி, எலுமிச்சை தேய்த்து, வெயிலில் காயவைத்து, பைகளை அடுக்கினான். அடுக்கிவிட்டு, இரண்டு அடுக்குக்கு நடுவே ஐஸை உடைத்துப் போட்டான். யாரையும் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்றே தோன்றவில்லை. கெட்டுப்போகக் கூடாத எதையும் ஐஸில் வைக்கிற கரையில் பிறந்தவன். கடல் அவனை வேண்டாம் என்றாலும் கரை விட்டுவிடவில்லை.

ஒத்திகைக்காக வீட்டு முற்றத்திலேயே ஜீப்பை நிறுத்தி, அடுத்த வேளைப் பையை அந்தப் பெட்டியிலிருந்து எடுத்து மாட்டினான். வீட்டில் பையைச் சூடாக்கித் தருவது கிளாராவின் வேலை. ஜீப்பில் அவளைக் கையசைக்க விடுவதில்லை என்று அவன் முடிவு செய்திருந்ததால், அந்த வேலையை யாருமே செய்யவில்லை. மருந்துநீர் உள்ளே இறங்கத் தொடங்கியதும் கிளாராவுக்குப் பல் கிட்டித்தது. வயிறு முறுக்கிக்கொண்டது. உடம்பு தூக்கிப் போட்டது.

"நிறுத்துங்க" என்றாள், வார்த்தை உடைந்து. போர்த்திப் படுத்தபிறகு சொன்னாள்: "எனக்க வயிறு என்ன, ஐஸ் பிளாண்டா? வாளை மீனா போட்டு வைக்க?"

போனில் சஜிதா அவனை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். பிறகு, "ஐஸ்லயா வச்சீங்க மாமா?" என்று கேட்டாள். அவள் சிரிக்கவில்லை என்பதுதான் மரியஜானைக் கொன்றது. "உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்துதான் ஏத்தணும். பையை மீனு மாதிரி நெனைக்காதீங்க."

அன்றைக்கு அவன் சோறு தின்னவில்லை. ஐஸ்பெட்டி மச்சானிடமே திரும்பிப் போயிற்று. "பெட்டிய நல்லா கழுவித் தந்திருக்கான்" என்று மச்சானுக்குச் சந்தோஷம்.

அடுத்தது வளைகுடாவிலிருந்து வந்த தகரப் பெட்டி. அரைநாள் வெயிலில் வைத்துப் பார்த்தான். உள்ளே முட்டை அவிக்கலாம். அதன்பின் கோட்டாற்றில் வாங்கிய, கொக்கி வைத்த பிளாஸ்டிக் பெட்டி. மார்த்தாண்டம் ரோட்டுக் குழிகளில் ஓட்டிப் பார்த்ததில் மூடி தனியே பறந்தது. இன்னொன்றில் எறும்பு புகுந்தது. கோட்டாற்றுப் பாத்திரக் கடைக்காரர் அவனை வாசலில் கண்டதுமே, "வாங்க, மூடிப் பாக்கத்தானே வந்தீங்க? மூடிப் பாத்துட்டுப் போங்க" என்று சொல்லுமளவுக்கு உறவு முற்றியது.

ஷைஜு ஒரு வீடியோ அனுப்பினான். தண்ணீருக்குள் முக்கினாலும் உள்ளே நனையாத பெட்டி. அதன்மேல் ஒரு லாரியை ஏற்றிக் காட்டினார்கள்.

"இது போதும்லாப்பா?"

"நல்ல பெட்டிதான் மோனே. ஆனா இது கறுப்பு. வெயில்ல நின்னா பழுத்துரும். இது எனக்க பெட்டியில்ல. நான் தேடுகது வேற."

எதைத் தேடுகிறான் என்பது ஒரு சாவு வீட்டில் தெரிந்தது. சித்தப்பா மகன் இறந்துபோனான். பூசை முடிந்து பெட்டியை மூடினார்கள். எல்லாரும் கதறிக்கொண்டிருக்கையில் மரியஜான் பெட்டியருகே போய், மூடி அடிப்பாகத்தோடு சேரும் விளிம்பில் விரலை வைத்து மெதுவாக ஓட்டினான். நகம் நுழைய இடமில்லை. மறுபடியும் ஓட்டினான். மரம். வெயிலை உள்ளே விடாது. குலுக்கினால் பிளக்காது. "அழாத மக்கா, அழாத" என்று யாரோ அவன் தோளைப் பிடித்து இழுத்தார்கள்.

"பெட்டி ஆரு செஞ்சது?" என்று மரியஜான் கேட்டான்.

மார்த்தாண்டம் சந்தைக்குப் போன செய்தியின் விதை அந்தக் கேள்விதான்.

ரசலையன் பட்டறையில் பலகைகள் சுவரோடு சாய்ந்து நின்றன. அவர் தலையைத் தூக்காமலே கேட்டார்:

"ஆளு எம்பிடு நீளம்?"

"ஆளில்ல. பை."

ரசலையன் உளியை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "பையா?"

மரியஜான் முழுவதையும் சொன்னான். சாய்வு வேண்டாம், நேர் சதுரமாக வேண்டும், உள்ளே தெர்மோகோல் பதிக்கவேண்டும், அதன்மேல் துவைக்கிற மாதிரித் துணி வேண்டும். ரசலையன் கடைசிவரை கேட்டார். விலை சொன்னார். மரியஜான் குறைக்கச் சொன்னான்.

ரசலையன் உளியைத் திரும்பக் கையில் எடுத்தார். "இத்தன காலத்துல எனக்கிட்ட பெட்டிக்குப் பேரம் பேசின மொத ஆளு நீருதான் வேய். இஞ்ச வாறவன் சொன்னதக் குடுத்துட்டுப் போவான். பேரம் பேசுகது உயிரோட இருக்கவனுக்கு உள்ளது." பிறகு சொன்னார்: "கொறச்சுத் தாறேன்."

பெட்டி தயாரானதும் ஜீப்பின் மேல் கட்டிக் கொண்டுவந்தான். வழியில் மார்த்தாண்டம் சந்தி முழுக்க நின்று பார்த்தது. வீட்டுமுன் இறக்கியபோது கிளாரா வாசலில் நின்றாள். வெள்ளை பெயிண்ட் அடித்த மரப்பெட்டி. பார்த்துக்கொண்டே நின்றாள். மரியஜானுக்கு அப்போதுதான், அந்த நிமிஷத்தில்தான், தான் கொண்டுவந்திருப்பது வேறொருவர் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்பது உறைத்தது.

"எனக்கு நீளம் பத்தாது" என்றாள் கிளாரா.

"ஏட்டி, இது..."

"சந்தையிலேருந்து போன் வந்திட்டு. உனக்கப் பெட்டி வந்துட்டிருக்கு கிளாரா, குளிச்சு நில்லுன்னு சொன்னாளுவ." அவள் கிட்டே வந்து மூடியைத் திறந்தாள். வெள்ளைத் துணியைக் கையால் தடவினாள். "அவளுவ சொல்லுகது கெடக்கட்டும். நீங்க பேடிச்சுட்டு இருக்கீங்களா?"

பயம்தான் என்று மரியஜான் தலையாட்டினான்.

"நானும்தான்" என்றாள் அவள். "வாங்க, பைய அடுக்குவோம்."

ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியான வேளைப் பையை வீட்டிலேயே முடித்துக்கொண்டு புறப்பட்டார்கள். தக்கலை, திருவட்டாறு, குலசேகரம். தெர்மாஸில் சூடுவெள்ளம், பையைச் சுற்றிச் சூடாக்க ரப்பர் பை, முகக்கவசம், கைகழுவும் சோப்பு, மடித்த துணிகள் என்று எதது எங்கே வேண்டுமோ அங்கே இருந்தது. குழிகளில் ஜீப் குதித்தது, பெட்டி முனகவில்லை. ஜீப்பின் பின்பக்கத்தைத் தார்ப்பாய் போட்டு மூடி, காற்றுப் புகாத அறையாக்கியிருந்தான். லீமா வீட்டுக்குள் போவதாகத் திட்டமே இல்லை. போனால், சிறுநீரகம் கெட்டவளுக்கு ஆகாத மரச்சீனிக் கிழங்கும் சக்கைப்பழமும் தந்தே கிளாராவை மேலுலகத்துக்கு அனுப்பிவிடுவார்கள் என்பது அவன் கணக்கு.

தோட்டத்து ஓரத்தில் வண்டியை நிறுத்தி, அந்தி வேளைப் பையைச் சூடாக்கிக் கையில் எடுத்தபோதுதான் மரியஜான் மேலே பார்த்தான்.

மருந்துநீர் இறங்கவேண்டுமானால் பை தலைக்கு மேலே தொங்கவேண்டும். வீட்டில் அது திருஇருதயப் படத்துக்குப் பக்கத்து ஆணியில் தொங்கும். ஜீப்பின் கூரையோ உட்கார்ந்தவளின் உச்சந்தலையில் இடித்தது. வெளியே மரம் உண்டு. ஆனால் காற்றும் தூசியும் உண்டு. பெட்டியைத் தேடித் தேடி அலைந்தவன், பையை எங்கே மாட்டுவது என்று ஒருதடவையும் நினைக்கவில்லை. ஒத்திகையில் முற்றத்து ஜன்னல் கம்பியில் அல்லவா மாட்டியிருந்தான்.

"என்னா அண்ணே, பைய கையில பிடிச்சுட்டு நிக்கீங்க?" என்று வீட்டிலிருந்து இறங்கி வந்த லீமா கேட்டாள்.

அவன் சொன்னதும் லீமா யோசிக்கவில்லை. "முன்முறியில உத்தரத்துல கொக்கி கெடக்கு. வாங்க."

முன்னறையின் உத்தரத்தில் கொக்கி இருந்தது. அதில் தொட்டில் இருந்தது. தொட்டிலில் லீமாவின் பேரப்பிள்ளை, அப்போதுதான் உறங்கியிருந்தான். அவன் தாய் ஜெனிலா, லீமாவின் மகள், கயிற்றை விட்டுவிட்டுக் கையை உதறிக்கொண்டிருந்தாள். மத்தியானத்திலிருந்து ஆட்டிய கை.

லீமா மகளைப் பார்த்தாள். ஜெனிலா கிளாராவைப் பார்த்தாள். குனிந்து பிள்ளையை எடுத்தாள். அவன் கண்ணைத் திறந்தான். தொட்டிலை அவிழ்ப்பதைக் கண்டான். ஊர் கேட்கக் கத்தத் தொடங்கினான். ஜெனிலா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்துக்குப் போனாள். லீமா தரையை ஈரத்துணியால் துடைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

மரியஜான் பெட்டியை உள்ளே கொண்டுவந்து, கைகழுவி, முகத்தை மூடி, பையைக் கொக்கியில் மாட்டினான். நீர் வடியத் தொடங்கியது. வெளியே பிள்ளை அழுதுகொண்டிருந்தான். ஜன்னலின் கண்ணாடிக்கு அப்பால் மலை நின்றது. பச்சை போய் நீலமாகி, நீலமும் கருத்துக்கொண்டிருந்தது. கிளாரா முகக்கவசத்துக்கு மேலே கண்களை மட்டும் வைத்துக்கொண்டு அதையே பார்த்திருந்தாள். மரியஜான் குழாயைப் பார்த்திருந்தான்.

"இஞ்ச பாருங்க" என்றாள்.

"வடியட்டும்."

"அது வடிஞ்சிரும். வெளிச்சம் நிக்காது."

அவன் நிமிர்ந்து பார்த்தான். இருட்டும்வரை இருவரும் பார்த்தார்கள்.

ராத்திரியை ஜீப்பில் கழித்துவிட்டு, விடிந்ததும் மறுபடி அதே அறை, அதே கொக்கி. பிள்ளையை மறுபடி எடுத்தாள் ஜெனிலா. இந்தத் தடவை வடிந்ததுதான் முக்கியம். நேற்று எங்காவது தூசி புகுந்திருந்தால் இன்றைக்குத் தெரியும். சஜிதா சொல்லியிருந்தாள்: பைக்குப் பின்னால் அச்செழுத்தை வைத்தால் அதைப் படிக்க முடியவேண்டும். மரியஜான் நிறைந்த பையைத் தூக்கினான். எழுத்துக்காகத் தேடினான். பெட்டியின் மூடி திறந்து சுவரில் சாய்ந்திருந்தது. துணியின் ஒரு மூலை பிரிந்து கிடந்தது. அடியில், ரசலையன் பழக்கத்தில் எல்லாப் பெட்டியிலும் போடுகிற முத்திரை. பையை அதன் முன்னே பிடித்தான்.

இறுதிச் சடங்குப் பொருட்கள் கிடைக்கும் என்று தெளிவாகப் படிக்க முடிந்தது. புள்ளிகள்கூடத் தெரிந்தன. மரியஜானுக்குக் கண் கலங்கியது, பை கலங்கவில்லை.

"என்னத்த வாசிக்கீங்க?" என்றாள் கிளாரா.

"ஒண்ணுமில்ல ஏட்டி. எழுத்து நல்லாத் தெரியுகு."

புறப்படும்போது மரச்சீனியும் சக்கையும் வேண்டாம் என்று சொல்லித் தப்பித்தார்கள். ஜெனிலாவிடம் தப்பிக்க முடியவில்லை. கண்கள் சிவந்து, இடுப்பில் இன்னும் சிணுங்கிக்கொண்டிருந்த பிள்ளையோடு ஜீப்பின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மாமி, ரெண்டு ஒறக்கம் தரணும் நீங்க. மறந்திராதீங்க. இவன் மறக்கமாட்டான்."

"வந்து ஒறக்கித் தாறேன் மக்களே" என்றாள் கிளாரா. "எனக்க கையால ஆட்டி ஒறக்கித் தாறேன்."

அதன்பின் இடவப்பாதி பிடித்துக்கொண்டது. மழை விட்டபோது கிளாராவுக்குக் காலில் நீர் கோத்தது. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக இரண்டு மாசம் போயிற்று. மரியஜான் பையை மாட்ட மடக்குக் கம்பி ஒன்று செய்து வைத்துவிட்டான். இனி யார் தொட்டிலையும் அவிழ்க்கவேண்டியதில்லை. ஜெனிலா ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்கிறாள். பிள்ளை அழும்போது போனை அவன் வாயருகே பிடித்து, "கேட்டீங்களா மாமி, கணக்குக் கேக்கான்" என்கிறாள். "வாறேன்னு சொல்லு" என்கிறாள் கிளாரா. இதுவரை போகவில்லை. பிள்ளை இப்போது தொட்டிலின் துணியைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்காருகிறானாம். இன்னும் கொஞ்சநாள்தான் அதில் கிடப்பான் என்று லீமா சொல்கிறாள்.